செவ்வரளி வந்த பிறகும்

எங்கள் பக்கத்துக் குரங்குகளெல்லாம் விராலிமலையிலிருந்து இறங்கி வந்தவை என்று ஊரில் எல்லோரும் சொல்வார்கள். மலைமேல் பிரசாதம் தின்று வளர்ந்தவை என்பதால் யாரும் கல்லெடுத்து எறிவதில்லை. என் மாவு மில்லுக்குப் பின்புறம் ஒரு தகரக் கொட்டகை உண்டு. அதன்மேல் அவை குதித்து ஓடினால் உள்ளே நிற்பவர்களுக்குத் தலையில் இடி விழுந்த மாதிரி இருக்கும். ஆனி மாதம் ஒரு காலையில் ஒரு கூட்டமே அப்படிக் குதித்துப் போயிற்று. அந்தக் கொட்டகைக்குக் கீழே கம்பிக் கூண்டில் எங்கள் வீட்டு முயல் இருந்தது.

மெஷினை நிறுத்திவிட்டு நான் போய்ப் பார்க்கும்போது குரங்குகள் வேப்பமரத்துக்குத் தாவியிருந்தன. கூண்டின் கதவு மூடியபடியே இருந்தது. அவற்றில் ஒன்றுகூட முயலைத் தொடவில்லை. ஆனால் முயல் மூலையில் முன்கால்களை ஊன்றிக்கொண்டு, இடுப்புக்குக் கீழே பிழிந்து போட்ட ஈரத்துணி மாதிரிக் கிடந்தது. பின்னங்கால்கள் இரண்டும் ஒரே பக்கமாக நீட்டியிருந்தன. பயத்தில் துள்ளி உதைத்ததில் தன் முதுகெலும்பைத் தானே முறித்துக்கொண்டது என்பது பிறகு மாட்டாஸ்பத்திரியில் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது.

என் மனைவி அடுப்படியிலிருந்து ஓடி வந்து பார்த்தாள். வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள்.

"அனுமாரு கூட்டம் பண்ண வேலைங்க. யாருகிட்டப் போயி ஞாயம் கேப்பீங்க?"

எனக்கு அந்த முயல்மேல் அதுவரை பெரிய பிரியம் இருந்தது என்று சொன்னால் அது பொய். என் மகள் பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும்போது புதுக்கோட்டைச் சந்தையிலிருந்து ஒரு அட்டைப் பெட்டியில் வைத்து வாங்கி வந்தாள். பிறகு அவள் நர்சிங் படிக்கத் திருச்சிக்குப் போய் ஹாஸ்டலில் சேர்ந்துவிட்டாள். முயல் எங்களிடம் தங்கிவிட்டது. தினமும் புல் போடுவேன், தண்ணீர் வைப்பேன், மாவு படிந்த கையால் காதைத் தடவிவிட்டுப் போவேன். அவ்வளவுதான் எங்களுக்குள் இருந்த பழக்கம்.

அன்று அதற்கு வாய் வேலை செய்கிறதா என்று பார்க்க, வேலியில் இருந்த கல்யாணமுருங்கையில் ஒரு இலையைக் கிள்ளி நீட்டினேன். கூண்டின் மறு மூலையிலிருந்து, முன்னங்கால்களால் தன் முழு உடம்பையும் இழுத்துக்கொண்டு வந்தது. இலையைப் பிடுங்கி, காம்பிலிருந்து நுனிவரை கறகறவென்று தின்றது. தின்றுவிட்டு மறுபடியும் என் விரலை மோந்து பார்த்தது. பாதி உடம்பு போன செய்தி அதன் வாய்க்கு இன்னும் போய்ச் சேரவில்லை போலிருக்கிறது. நான் இன்னொரு இலை கிள்ளினேன்.

இதை ஏன் இவ்வளவு விளக்கமாகச் சொல்கிறேன் என்றால், பிறகு என்னிடம் வந்து பேசிய எல்லோரும் காலைத்தான் பார்த்தார்கள். நான் முதலில் பார்த்தது வாயை.

மாட்டாஸ்பத்திரியில் ஆடும் மாடும் கன்றுக்குட்டியுமாக வரிசை நின்றது. நடுவில் நான் காய்கறிக் கூடையில் முயலை வைத்துக்கொண்டு நின்றேன். சினை மாட்டைப் பிடித்துக்கொண்டு நின்ற ஒருவர் கூடைக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, "இதுக்கு எதுக்குங்க டாக்டரு? மசால்தூள் போதும்" என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன்.

டாக்டர் ஒரு பெண். வயது சின்னதுதான். பொறுமையாகப் பார்த்தார். பின்னங்கால் விரலை இடுக்கியால் அழுத்தினார். முயல் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"கால் திரும்பி வராதுங்க. இடுப்புக்குக் கீழ உணர்ச்சியே இல்ல. வலியும் அங்க இருக்காது. ஆனா இனிமே மூத்திரம் தானாப் போகாது. நீங்கதான் வயித்த அமுக்கி எடுத்துவிடணும். காலையில, மத்தியானம், சாயங்காலம். விட்டீங்கன்னா உள்ளயே தேங்கிச் செத்துப்போயிரும். அடியில ஈரம் பட்டாப் புண்ணு வரும், புண்ணு வந்தா ஈ மொய்க்கும், புழு வச்சிரும்."

இடுக்கியைத் தட்டில் வைத்தார்.

"முடியாதுன்னா சொல்லுங்க. வலியில்லாம ஊசி போட்டுறலாம். அதுல ஒன்னும் தப்பில்ல."

"முடியும்னா?"

"முடியும்னா, சாப்புடுற வரைக்கும் வச்சிருங்க. சாப்பாட்ட நிறுத்துச்சுன்னா அன்னைக்கே கொண்டாந்துருங்க. அப்ப நீங்க கேக்க வேணாம், நானே சொல்லுவேன்."

பிறகு என் கையைப் பிடித்து, முயலின் அடிவயிற்றில் வைத்துக் காட்டிக் கொடுத்தார். தோலுக்கு உள்ளே ஒரு எலுமிச்சம்பழம் உருளுகிற மாதிரி இருந்தது. அதை நசுக்கக் கூடாது, மெதுவாகப் பின்பக்கமாக அழுத்திப் பிடிக்க வேண்டும். சுண்ணாம்புத் தண்ணீர் மாதிரிக் கெட்டியாக ஒரு தாரை என் வேட்டியில் பாய்ந்தது. "அம்புட்டுத்தான், வந்துருச்சு பாருங்க" என்று டாக்டர் சிரித்தார். ஒன்பதாவதோடு படிப்பை விட்டவன் நான். அன்றைக்கு ஏதோ பரீட்சையில் பாஸான மாதிரி எனக்கு ஒரு சந்தோஷம் வந்தது.

மகளுக்குப் போன் செய்து சொன்னேன். அழுவாள் என்று நினைத்தேன். அவள் படிக்கிற படிப்பு அவளைக் கொஞ்சம் மாற்றியிருந்தது.

"அப்பா, ரொம்பக் கஷ்டமா இருந்தா விட்டுருங்கப்பா. நான் ஒங்களத் தப்பா நெனைக்க மாட்டேன்."

"அது சாப்புடுது தாயி."

"சாப்புடுதா?"

"நல்லா சாப்புடுது."

"அப்ப படுக்குற எடத்த ஈரமில்லாம வச்சுக்கங்க. பெரட்டிப் பெரட்டிப் படுக்க வைங்க."

ஆகவே, மகளுக்காகத்தான் இவன் இந்தப் பாடு படுகிறான் என்று பிற்பாடு ஊரில் சொன்னார்களே, அது உண்மையில்லை. மகள் விட்டுவிடச் சொல்லிவிட்டாள். நான்தான் விடவில்லை.

என் மனைவி அன்றைக்கே எனக்கு ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட்டாள். "நான் தொட மாட்டேன். ஒங்க ஆத்தாவுக்கு அள்ளிக் கொட்டுன கை இது. அதுக்கப்புறம் இனிமே யாருக்கும் அள்ளக் கூடாதுன்னு சாமிகிட்ட வேண்டிக்கிட்டேன். வேண்டுதல மீற மாட்டேன்."

அது நியாயம். என் தாயாரைக் கடைசி வரைக்கும் படுக்கையில் வைத்துப் பார்த்தவள் அவள்தான்.

"நானே பாத்துக்கிறேன்" என்றேன்.

"நீங்களா? தொவைக்கிற சோப்பு எங்கிட்டு இருக்குன்னு தெரியுமா ஒங்களுக்கு?"

"சன்னல்ல."

"அது பாத்திரம் வெளக்குற சோப்பு."

இப்படித்தான் ஆரம்பித்தது. காலையில் எழுந்ததும் முதல் வேலை முயல். பழைய வேட்டியை நாலாகக் கிழித்து வைத்துக்கொண்டேன். அமுக்கி எடுத்து, வெதுவெதுப்பான தண்ணீரில் அடியைக் கழுவி, துடைத்து, தேங்காய் எண்ணெய் தடவி, காய்ந்த துணியில் படுக்க வைப்பேன். அதன் பிறகுதான் எனக்குக் குளியல். குளித்துத் திருநீறு பூசி, மில்லில் இருக்கிற அம்மன் படத்துக்கு விளக்கு ஏற்றி, சூடம் காட்டிவிட்டுத்தான் மெஷினைப் போடுவேன். இந்த வரிசை ஒருநாளும் மாறியதில்லை. மத்தியானமும் சாயங்காலமும் முயல் வேலை முடிந்தால் மறுபடி தலைக்குக் குளிப்பேன். யாரும் என் சுத்தத்தைப் பற்றி எனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் சொன்னார்கள். மாவு மில் என்பது பெண்கள் டின்னையும் தூக்குவாளியையும் வரிசையில் வைத்துவிட்டுக் கதை பேசுகிற இடம்.

"என்னண்ணே, மொசலப் பிள்ளத்தாச்சியப் பாக்குற மாதிரி பாக்குறீங்களாமே?"

"கையக் கழுவிட்டு எங்கோதுமையத் தொடுங்க, ஆமா."

"ஏ, சும்மா இருங்கடி. எங்க வீட்டு ஆளு பெத்த பிள்ளைக்கே ஒருநாள் கால் கழுவிவிட்டதில்ல. இவரு மொசலுக்குக் கழுவுறாரு. எங்க ஆளையும் கொண்டாந்து இங்கிட்டு ஒரு மாசம் விடுறேன், பழக்கிக் குடுங்கண்ணே."

இதெல்லாம் வேடிக்கைப் பேச்சு. எனக்குக் கோபம் வரவில்லை. எதிர்வீட்டு மாப்பிள்ளை ஒருவன்தான் தினமும் வந்து, "ஊசி போடுறதுக்கு முன்னால எங்கிட்டக் குடுத்துருங்க மாமா, மெளகு போட்டு வறுத்துருவோம்" என்பான். ஒருநாள் சொல்லிவிட்டேன்: "ஒன் இடுப்பு ஒடிஞ்சா ஒன்னையும் அப்புடியே வறுக்கச் சொல்லிட்டு வரவா, மாப்ள?" அதிலிருந்து அவன் முயலைப் பற்றிப் பேசுவதில்லை.

ஆடி பிறந்த பிறகுதான் வேடிக்கை வினையாயிற்று.

ஆடி வெள்ளிக்கு அம்மனுக்கு மாவிளக்குப் போடுவது எங்கள் பக்கத்தில் ஒவ்வொரு வீட்டிலும் உண்டு. பச்சரிசியை ஊறவைத்து, நிழலில் உலர்த்தி, ஈரம் போகாமல் அரைத்து, வெல்லம் சேர்த்துப் பிசைந்து, நடுவில் குழித்து நெய்விளக்கு ஏற்றுவார்கள். முன்பெல்லாம் உரலில் இடித்தார்கள். இப்போது எல்லாரும் என் மில்லுக்குத்தான் வருகிறார்கள். அதற்காக வியாழன் மாலையே மெஷினைக் கழுவிக் காயவைத்து, வெள்ளி காலையில் வேறு எதையும் அரைக்காமல், மாவிளக்கு அரிசியை மட்டும் முதலில் அரைத்துக் கொடுப்பேன். என் தொழிலில் எனக்குப் பெருமையான நாள் என்றால் அதுதான்.

முதல் வெள்ளிக்கு வழக்கமாக வருகிறவர்களில் பாதிப் பேர் வரவில்லை. பக்கத்து ஊர் மில்லுக்குப் போய்விட்டார்கள். முயல் மூத்திரத்தைத் தொட்ட கையால் அரைத்த மாவு சாமிக்கு ஆகாது என்று ஒரு பேச்சு கிளம்பியிருந்தது.

அன்று மத்தியானம் என் அக்கா வந்தாள். அதே தெருவில் நாலு வீடு தள்ளி இருக்கிறவள். பக்தியில் என்னைவிட மூத்தவள், வாயிலும் மூத்தவள்தான்.

"தம்பி, கேள்விப்பட்டியா?"

"கேள்விப்பட்டேன்."

"அப்பறம் என்னா செய்யப்போற? சாமிக்கு விடுற ஆட்டுக்குக் காது கிழிஞ்சிருந்தாலே ஆகாதுன்னு தள்ளிவிடுறோம். நீ ஊனத்தக் கொண்டாந்து வீட்டுக்குள்ள வச்சுச் சீராட்டிக்கிட்டு இருக்க."

"சாமிக்கு வேணாம்னா இருக்கட்டும்க்கா. எனக்கு வேணும்."

அக்காவுக்கு முகம் சிவந்துவிட்டது. "ஒனக்கு ரோசமாப் பேச மட்டும் நல்லா வருது. நானும் நீயும் பேச வேணாம்டா. ஆத்தாகிட்டயே கேப்போம். வர்ற வெள்ளிக்கிழம கோயில்ல பூக்கட்டிப் பாப்போம். வெள்ள வந்தா ஒன் மொசலப் பத்தி நான் ஒரு வார்த்த பேசல, பேசுற எவளையும் நானே அடக்குறேன். செவப்பு வந்தா அன்னைக்கே மாட்டாஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போற. சம்மதமா?"

நான் சம்மதம் என்றேன். ஏன் சொன்னேன் என்று கேட்டால், எங்கள் வீட்டில் அப்படித்தான் வழக்கம். எனக்குப் பெண் முடிவு செய்தது பூக்கட்டிப் பார்த்துத்தான். கிணறு வெட்டின இடம், மில் வைக்கலாமா வேண்டாமா என்பது, எல்லாமே அந்த அம்மன் காலடியில் கேட்டு முடிவானவைதான். கேட்டதற்கெல்லாம் இதுவரை அவள் சரியென்றே சொல்லியிருந்தாள். அந்தத் தைரியமும் எனக்குள் இருந்திருக்கும்.

வெள்ளிக்கிழமை காலையில் வந்திருந்த மாவிளக்கு அரிசியை அரைத்துக் கொடுத்துவிட்டு, மனைவியிடம் முயலைக் காட்டி, "வர்றதுக்கு நேரமானாலும் ஆகும்" என்று மட்டும் சொல்லிவிட்டு அக்காவுடன் போனேன். கோயிலில் கூட்டம் இருந்தது. பூசாரி வெற்றிலை ஒன்றில் செவ்வரளியும் இன்னொன்றில் நந்தியாவட்டையும் வைத்து, ஒரே மாதிரி மடித்து, வாழைநாரால் கட்டினார். இரண்டையும் கையில் குலுக்கி அம்மன் காலடியில் போட்டார். எது எது என்று அவருக்கே தெரியாது.

"மனசுல நெனச்சுக்கப்பா" என்றார்.

கண்ணை மூடினேன். 'தாயே, உன் இஷ்டம் எதுவோ அதைச் சொல்' என்று நினைக்கத்தான் போனேன். ஆனால் எனக்குள் ஓடியது வேறு. வெள்ளை வர வேண்டும், வெள்ளை வர வேண்டும், வெள்ளையைத் தவிர வேறு வரக் கூடாது. இதையேதான் சொல்லிக்கொண்டு நின்றேன்.

தாயின் இடுப்பில் இருந்த ஒரு சின்னப் பெண்குழந்தையை இறக்கிவிட்டு எடுக்கச் சொன்னார்கள். அது பூக்கட்டு ஒன்றை எடுத்துப் பூசாரியிடம் கொடுத்தது. அவர் நாரை அவிழ்த்தார்.

செவ்வரளி.

அக்கா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "உத்தரவாயிருச்சு" என்றாள். அவள் குரலில் ஜெயித்த சந்தோஷம் ஒன்றும் இல்லை. அதையும் நான் சொல்ல வேண்டும். என் தோளைத் தொட்டு, "வருத்தப்படாதடா, அதுக்கும் ஒரு விடுதலதான்" என்றாள். ஆட்டோவுக்குச் சொல்லிவிட்டு வருவதாக முன்னால் நடந்தாள்.

நான் போகவில்லை. கூட்டம் கலையும் வரை தூணோரம் நின்றேன். அம்மன் முகத்தைப் பார்க்கக் கூச்சமாக இருந்தது. பிறகு பார்த்தேன்.

சந்தேகம் இருக்கிற விஷயத்துக்குத்தான் பூக்கட்டிப் பார்ப்பது. இந்தப் பெண்ணா அந்தப் பெண்ணா, இந்த இடமா அந்த இடமா என்று எனக்குத் தெரியாதபோது கேட்டேன், அவள் சொன்னாள். இதில் எனக்கு என்ன சந்தேகம் இருந்தது? முதல் இலையைக் கிள்ளிக் கொடுத்த அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். நான் முடிவு செய்துவிட்டு, அவளிடம் கையெழுத்து வாங்கப் போயிருக்கிறேன். ஊர் வாயை அடைக்க அவளைச் சாட்சிக்கு இழுத்திருக்கிறேன். அவள் கையெழுத்துப் போட மாட்டேன் என்றுவிட்டாள்.

அதனால் வாய்விட்டே சொன்னேன். பக்கத்தில் யாரும் இல்லை.

"தாயே, நான் கேட்டதே தப்பு. கேட்டிருக்கக் கூடாது. கேட்டுட்டேன், நீ சொல்லிட்ட. ஆனா என்னால முடியாது. சாப்புடுற உயிரக் கூடையில வச்சுத் தூக்கிட்டுப் போக எனக்குக் கை வராது. ஒஞ்சொல்ல மீறுறேன். இதுக்குத் தண்டன உண்டுன்னா என் தலையில போடு. அது தலையில போடாத. அது ஏற்கனவே பட்டுருச்சு."

விழுந்து கும்பிட்டுவிட்டு, திருநீறை நானே எடுத்துப் பூசிக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன். வழியெல்லாம் மனைவியிடம் எப்படிச் சொல்வது என்றுதான் யோசித்தேன். அவள் சாமி வாக்குக்கு மறுவாக்குப் பேசாதவள்.

மத்தியான வேளை தாண்டியிருந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது: முயலுக்கு எடுத்துவிட வேண்டிய நேரமும் தாண்டிவிட்டது. ஓட்டமும் நடையுமாக வந்து கொட்டகைக்குள் நுழைந்தேன். முயல் காய்ந்த துணியில் படுத்து அருகம்புல் தின்றுகொண்டிருந்தது. கொடியில் நனைந்த துணிகள் காய்ந்தன. என் மனைவி தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, குளித்த ஈரத்தோடு உட்கார்ந்திருந்தாள்.

"நீங்க வர்றதக் காணோம். வயிறு கல்லு மாதிரி ஆகிருச்சு. நானே அமுக்கிவிட்டுட்டேன்" என்றாள். "என்னா பூ?"

"செவப்பு."

தலைத் துண்டை அவிழ்த்து உதறினாள்.

"செவப்பா வெள்ளையான்னு அதுக்குத் தெரியுமா? அதுக்கு மூத்திரம் முட்டுது. நீங்க என்னா சொல்லிட்டு வந்தீங்க?"

"மீறுறேன்னு சொல்லிட்டு வந்தேன்."

"யாருகிட்ட, ஒங்க அக்காகிட்டயா?"

"ஆத்தாகிட்ட."

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "சரிதான். நானும் என் வேண்டுதல மீறிட்டேன். சாமி கண்ணக் குத்துனா ரெண்டு பேருக்கும் சேத்தே குத்தட்டும்" என்று சொல்லிவிட்டு, சோறு போட எழுந்து போனாள்.

நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே வாசலில் ஆட்டோ வந்து நின்றது. அக்கா இறங்கினாள். கையில் அதே காய்கறிக் கூடை மாதிரி ஒன்றை, தன் வீட்டிலிருந்து, துணி விரித்துக் கொண்டுவந்திருந்தாள். அவள் கல்நெஞ்சுக்காரி இல்லை.

"வரலக்கா" என்றேன்.

"வரலன்னா?"

"மொசலக் குடுக்கல."

"பூ வந்தத நீதானடா பாத்த?"

"பாத்தேன்."

"அப்ப சாமி பொய் சொல்லுதுங்கிறியா?"

"பொய்யின்னு சொல்லல. உத்தரவு உத்தரவுதான். நான்தான் கேக்கல."

"உத்தரவ மீறுனா நீ என்னடா பக்தன்? நெத்தியில எதுக்கு இம்புட்டுத் திருநீறு?"

"மீறுனவன் திருநீறு பூசக் கூடாதுன்னா ஊருல பாதி நெத்தி வெறும் நெத்தியாத்தான் இருக்கும்க்கா."

ஆட்டோக்காரர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். அக்கா கூடையை வாசற்படியில் வைத்துவிட்டு, "இதுக்கு மேல நான் ஒன் வாசலுக்கு வரல" என்று சொல்லிவிட்டு அதே ஆட்டோவில் ஏறிப் போனாள். நாலு வீடு தள்ளிப் போக ஆட்டோ எதற்கு என்று என் மனைவி மெதுவாகக் கேட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அதற்கடுத்த வாரம் மில் மோட்டாருக்குள் சுற்றியிருக்கும் செம்புக் கம்பிக் காயில் எரிந்தது. மெஷின் புகைந்து நின்றபோது நான் பயந்தது உண்மை. முதுகில் யாரோ கை வைத்த மாதிரி இருந்தது. அக்கா சொல்லி அனுப்பினாள்: "மீறுனதுக்கு என்னா ஆச்சுன்னு பாத்தானாமா?" நானும் சொல்லி அனுப்பினேன்: "பாத்தான். வோல்டேஜ் கொறவாம். தெருக்கோடியில ரெண்டு வீட்டு மிக்ஸியும் போயிருச்சு. அவங்க வீட்டுல மொசல் இல்ல." மோட்டாரைக் கழற்றிக் காயில் கட்டிக்கொண்டு வந்து மாட்டினோம். மாட்டின கையோடு அம்மன் படத்துக்குச் சூடம் ஏற்றி, "இது நீ பண்ணதுன்னா, என் தலையோட போச்சே, அதுக்கு நன்றி" என்று சொல்லிவிட்டு ஸ்விட்சைப் போட்டேன்.

ஒருநாள் பூசாரி மில்லுக்கு வந்தார். ஆடிக் கூழுக்குக் கேழ்வரகு அரைக்க வந்திருந்தார். மற்றவர்கள் போகும் வரை மாவை ஆறவைக்கிற சாக்கில் நின்றார். பிறகு கிட்டே வந்தார்.

"ஏப்பா, ஒங்க அக்கா கோயிலுக்கு வந்து கண்ணக் கசக்குது. நீ ஒரு பக்கம், அது ஒரு பக்கம், ஊரு நடுவுல நின்னு வேடிக்க பாக்குது. நல்லாவா இருக்கு?"

"நல்லா இல்லதான்."

"அப்ப ஒன்னு செய்வோம். வர்ற வெள்ளிக்கிழம மறுபடியும் கட்டுவோம். மொதல் தடவ ஏதோ தீட்டு, சரியா வரலன்னு நான் சொல்லிக்கிறேன்." குரலைத் தாழ்த்தினார். "இந்தத் தடவ ரெண்டு கட்டுலயும் நந்தியாவட்டையே வச்சுப்புடுறேன். யாருக்குத் தெரியப்போகுது? ஒன் மொசலும் ஒங்கிட்ட இருக்கும். ஒங்க அக்காளும் ஒங்கிட்ட வந்துரும்."

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. எனக்காகத்தான் சொன்னார். ஒரு நிமிஷம் ஆசையாகக்கூட இருந்தது. ஒரே ஒரு வெள்ளைப் பூவில் எல்லாம் சரியாகிவிடும். மாவிளக்கு அரிசி திரும்பி வரும். அக்கா திரும்பி வருவாள்.

"வேணாம் பூசாரி" என்றேன்.

"ஏன்?"

"இப்ப நான் ஆத்தா சொன்னத மீறியிருக்கேன். அது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். போயி நின்னா அவ மொகத்தப் பாக்க முடியுது. நீங்க சொல்றதச் செஞ்சா ஏமாத்துனதாப் போயிரும். அப்பறம் என்னால அங்கிட்டு நிக்க முடியாது."

அவர் மாவைக் கையால் கிளறினார். "அப்ப நெசமாவே கட்டிப் பாப்போம். ஒன்னுல செவப்பு, ஒன்னுல வெள்ள. இந்தத் தடவ வெள்ள வந்தாலும் வரும்ல?"

"வந்துச்சுன்னா, எனக்குப் புடிச்ச பூ வர்ற வரைக்கும் கேட்டவன்னு ஆயிரும். வரலன்னா, ரெண்டாவது தடவையும் மீறணும். எதுக்கு அவளத் தொந்தரவு பண்ணிக்கிட்டு? ஒரு தடவ சொன்னா. ஒரு தடவ மீறிட்டேன். அத்தோட இருக்கட்டும்."

"நீ ஒரு மாதிரி ஆளுப்பா" என்றார் பூசாரி. தூக்குவாளியை மூடிக்கொண்டு போய்விட்டார்.

ஆடிக் கடைசி வெள்ளிக்கு எங்கள் வீட்டு மாவிளக்கைத் தட்டில் வைத்து நானும் மனைவியும் கோயிலுக்கு எடுத்துப் போனோம். பூசாரி வாங்குவாரா என்று எனக்குத் தெரியாது. வாங்காவிட்டால் வாசலிலேயே ஏற்றிவிட்டு வருவது என்று பேசி வைத்திருந்தோம். பூசாரி என் தட்டை வாங்கி, மற்றவர்கள் தட்டோடு வரிசையில் வைத்துத் தீபாராதனை காட்டினார். எதிர்வரிசையில் என் அக்கா நின்றாள். என்னைப் பார்க்கவில்லை. பக்கத்து ஊர் மில்லில் அரைத்த அவள் மாவும், முயல் தொட்ட கையால் அரைத்த என் மாவும் ஒரே மாதிரிதான் எரிந்தன.

அக்கா இன்னும் பேசவில்லை. அவள் அரிசி இன்றைக்கும் பக்கத்து ஊருக்குத்தான் போகிறது. அது எனக்கு வலிக்கிறது. வலிக்கவில்லை என்று வீம்புக்குச் சொல்ல மாட்டேன். முயலுக்கு ஐப்பசி மழையில் துணி காயாமல் தொடையில் ஒரு புண் வந்தது. டாக்டர் கொடுத்த மருந்தைப் போட்டு, ஈ அண்டாமல் என் மனைவி கொசுவலைத் துணியில் ஒரு கூடாரமே தைத்துக் கட்டினாள். புண் ஆறிவிட்டது. இன்னொன்று வரலாம். எத்தனை நாள் இருக்கும் என்று டாக்டருக்கும் தெரியாது. சாப்பாட்டை நிறுத்துகிற அன்று நானே தூக்கிக்கொண்டு போவேன். அதற்குப் பூக்கட்டிப் பார்க்க மாட்டேன். இப்போதைக்குக் காலையில் என் காலடிச் சத்தம் கேட்டால் முன்கால்களால் தன்னை இழுத்துக்கொண்டு கூண்டின் வாசலுக்கு வந்துவிடுகிறது. இழுத்து இழுத்து அதன் தோள் இரண்டும் சின்னப் பயில்வான் தோள் மாதிரி திரண்டுவிட்டன.

போன வாரம் வேறு ஊரிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்த ஒரு பெண் அரிசி அரைக்க வந்தாள். கொட்டகைப் பக்கம் எட்டிப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். கேட்காமல் இருக்க முடியவில்லை அவளுக்கு.

"அண்ணே, இந்த மொசல வேணாம்னு சாமியே சொல்லிருச்சாமே?"

வரிசையில் நின்ற மற்ற பெண்கள் என் பக்கம் திரும்பினார்கள்.

"ஆமாத்தா, வேணாம்னு சொல்லுச்சு. நான் வேணும்னுட்டேன்" என்றேன். "ஒன் அரிசியக் கொட்டு, பின்னால ஆளு நிக்கிது."